பின்னால் நிற்கும் நெற்குப்பை வரன்

காரைக்குடி,
ஆவணி 12.

அன்புத் தம்பி காசிக்கு, உன் உடன்பிறந்த ஆச்சி சாலா ஆசி கூறி எழுதுவது.

நீயும் உமையாளும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும். இங்கே எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. முழங்கால் வலி பழைய வலிதான், புதிதாக எதுவும் சேரவில்லை. சேர்ந்திருப்பது வேறொன்று, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன வாரம் மூன்று தடவை சொல்லப் பார்த்தேன். நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கணினியில் தட்டி அனுப்பலாம் என்றால், புகாரே அந்தக் கணினியைப் பற்றித்தான். அதன் கையிலேயே அதைக் கொடுத்தனுப்ப எனக்குத் துணிவில்லை. ஆகவே கையால் எழுதிக் கூரியரில் போடுகிறேன். உட்கார்ந்து முழுதும் படி. பிறகு மீட்டிங்குக்குப் போ.

ஆடி மாதம் நீ வந்திருந்தபோது, "என்ன ஆச்சி, இன்னும் இந்தப் பழைய எக்செல்ல வச்சு மாரடிக்கிறீக" என்று சொல்லி, நான் பணியாரத்துக்கு மாவு கலக்கிவிட்டு வருவதற்குள் புதியதை ஏற்றிவிட்டாய். நல்ல மனதோடுதான் செய்தாய், குறை சொல்லவில்லை. ஆனால் என் பழக்கம் உனக்குத் தெரியாது. உன் அத்தான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நம் ஊர்களில் கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகளையும் பெண்களையும் ஊர், கோயில், நட்சத்திரம், படிப்பு, உயரம், போட்டோ என்று ஆளுக்கொரு ஃபைலாகப் போட்டு வைத்தார் அல்லவா, அவர் போன இந்த ஆறு வருடமும் அதை நான்தான் பார்த்துவருகிறேன். காலைப் பலகாரம் முடிந்ததும் உட்காருவேன். ஏழெட்டுப் பேரைத் திறந்து வைத்துக்கொண்டு இவருக்கு அவள் பொருந்துமா என்று பார்ப்பேன். பதினொன்றரை மணிக்கு வலது மூலையில் இருக்கும் பெரிய பெருக்கல் குறியை ஓர் அழுத்து. மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கும். எல்லாவற்றையும் சேமி என்பதில் இன்னோர் அழுத்து. அத்தனை பேரும் ஒரே மூச்சில் உள்ளே போய்விடுவார்கள். நானும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நீ புதியதைப் போட்டுவிட்டுப் போன மறுநாள், அதே குறியை அழுத்தினேன். தேவகோட்டைப் பையன் மட்டும் போனான். அவனுக்குப் பின்னால் பள்ளத்தூர்ப் பெண் நின்றாள். அவளை மூடினேன், கானாடுகாத்தான் இன்ஜினியர். அவரையும் மூடினேன். கண் டாக்டர் மாப்பிள்ளை கேட்டிருந்த இரட்டைப் பெண்களில் ஒருத்தி, பிறகு மற்றவள். ஒவ்வொருவரையாகக் கதவு வரை கொண்டுபோய் விட்டு வருவது போல இருந்தது. உனக்குப் போன் செய்தேன். "இப்ப ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி விண்டோ ஆச்சி, ஒண்ண மூடுனா அது மட்டும்தான் மூடும், நல்லதுதானே" என்று சொல்லி வைத்துவிட்டாய். நல்லதுதான் என்று நானும் ஒத்துக்கொண்டு, கடைசியாக இருந்த இரண்டு பெண்களையும் மூடினேன். நான் திறந்தது ஏழு பேர். ஏழு பேரையும் மூடியாயிற்று. திரையில் எட்டாவதாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

வைரவன், நெற்குப்பை. திருவாதிரை. உயரம் ஐந்தடி எட்டங்குலம். நீலத்தில் கட்டம் போட்ட சட்டை. யாரோ பக்கத்திலிருந்து கூப்பிட்டது போல முகத்தை லேசாகத் திருப்பியிருக்கிறார், கண் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறது. இப்படி ஒரு வரனை நான் ஒருநாளும் பதிந்ததில்லை. சரி, கை தவறித் திறந்திருப்பேன் என்று நினைத்து மூடப் போனேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. காசி, நான் அதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. யார் மாற்றியதைச் சேமிக்கச் சொல்கிறது? வேண்டாம் என்று அழுத்திவிட்டு எழுந்துவிட்டேன். அன்று ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் எண்ணி ஐந்து பேரைத் திறந்தேன். ஐந்து பேரை மூடினேன். ஆறாவதாக அவர். அடுத்த நாள் ஒரே ஒருத்தியைத் திறந்தேன். அவளை மூடியதும் அவர். எப்போதும் கடைசி ஆளாக, எல்லாரும் போன பிறகு. ஒவ்வொரு தடவையும் சேமிக்கவா என்ற கேள்வி. நான்காம் நாள்தான் எது மாறுகிறது என்று கண்டுபிடித்தேன். "இன்றைய வயது" என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதல்நாள் பார்த்தபோது முப்பத்தொன்பது வருடம், ஏழு மாதம், இரண்டு நாள் என்று இருந்தது. நான்காம் நாள் ஐந்து நாள் என்று இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்த தேதி மட்டும்தான். வயதை நான் விரல் விட்டு எண்ணிக்கொள்வேன். இவர் ஒருவருக்குத்தான் தினமும் ஒரு நாள் தானாக ஏறுகிறது, அந்த அறையில் யாரும் இல்லாதபோதும்.

நம் பட்டியல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய்த் தேடினேன். இருநூற்று நாற்பத்தாறு பேர் இருக்கிறார்கள். அவர் இல்லை. இல்லாத ஆள் எங்கிருந்து வருகிறார்? அன்று அவரை மூடாமலேயே சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டேன். மறுநாள் திறந்தால், திரையின் இடதுபுறம் ஒரு பட்டை விரிந்து, மூடாமல் விட்டதை மீட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லி அவர் பெயரைக் காட்டுகிறது. அணைத்ததற்குக் கோபித்துக்கொண்டு, வழக்கமாகக் கடைசியில் வருகிறவர் அன்று முதலிலேயே வந்துவிட்டார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று ஒச்சம்மாளிடம் சொன்னேன். தப்பு. பதினேழு வருடமாக இந்த வீட்டைப் பெருக்குகிறவள், அன்றிலிருந்து கணினி அறைக்குள் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து பெருக்குகிறாள். தினமும் வந்ததும் முதல் கேள்வி, "அந்தத் தம்பி இன்னைக்கும் நிக்கிறாகளா ஆச்சி?" என்பதுதான். நிற்கிறார் என்றால், எட்டிப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்லுவாள். போன வெள்ளிக்கிழமை நெடுநேரம் பார்த்தாள். "போன வாரத்துக்கு இப்பக் கன்னம் ஒட்டிப்போச்சு ஆச்சி. சாப்பாடு சரியில்ல போல" என்றாள். போட்டோ எப்படிடி மெலியும் என்று அதட்டினேன். அதட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில்தான் கண்டரமாணிக்கம் சிகப்பி ஆச்சி வந்து சேர்ந்தார். அவர் மகள் அக்ஷரா கோயம்புத்தூரில் பல் டாக்டர், வயது முப்பத்தைந்து, இதுவரை இருபத்திரண்டு பையன்களை வேண்டாம் என்றவள். அவளுக்குக் கானாடுகாத்தான் இன்ஜினியரின் விவரத்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அனுப்புவது என்றால், திரையில் விவரத்தைத் திறந்து வைத்து, அதைக் கைபேசியில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போடுவதுதான் என் வழக்கம். என் பெயரும் போன் நம்பரும் எல்லா ஃபைலிலும் மேலே தானாக இருக்கும்படி உன் அத்தானே செய்து வைத்திருக்கிறார். அவர் நம்பரைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். இன்ஜினியரைத் திறந்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த இடத்தில் எதையோ மூடியிருக்கிறேன். போட்டோ எடுத்தேன், அனுப்பினேன், எழுந்து போய்விட்டேன். பழைய எக்செல்லில் இந்தக் கூத்து நடந்திருக்காது, மூடினால் எல்லாமே மூடியிருக்கும்.

மறுநாள் காலை சிகப்பி ஆச்சி போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. "சாலா ஆச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சோசியர் பத்துக்குப் பத்துப் பொருந்துதுங்கிறாக. கோயிலும் வேற, பங்காளி முறை இல்ல. அக்ஷரா போட்டோவப் பாத்துட்டு ஒரு வார்த்த பேசல, பேசாம இருந்தாலே அவளுக்குச் சம்மதம்னு அர்த்தம். நெற்குப்பைக்கு என்னைக்கு வரலாம்?"

"கானாடுகாத்தான்ல?" என்றேன்.

"நெற்குப்பைன்னுல்ல போட்டிருக்கு. வைரவன்னு. நீலச் சட்ட."

இரண்டு நாள் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "நான் நம்ம சொந்தத்துலயும் காட்டிட்டேன், மலேசியாவுல என் நாத்தனாருக்கும் அனுப்பியாச்சு, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அவர் வைத்தார். யார் என்றே தெரியாத ஒருவருக்கு இரண்டு நாட்டில் சம்மதம் வாங்கியாயிற்று.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் செக்காலை ரோட்டில் கணினிக் கடை வைத்திருக்கும் நாகேந்திரனைக் கூப்பிட்டேன். நம் வளையல்கள் எல்லாம் செய்த ஆசாரியின் மகன், உனக்கு நினைவிருக்கும். வந்தான், உட்கார்ந்தான், நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே அங்கே இங்கே தட்டினான். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"பேயும் இல்ல பிசாசும் இல்ல ஆச்சி. எக்செல்லத் திறந்தாலே தானாத் திறக்கணும்னு சில ஃபைல ஒரு தனி இடத்துல போட்டு வைக்கலாம். அங்குட்டு இது ஒண்ணுதான் கெடக்கு. நீங்க யாரத் திறந்தாலும் இவுகளும் கூடத் திறப்பாக. பொறந்த தேதியிலருந்து இன்னைக்கு வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்க மாதிரி கணக்குப் போட்டிருக்கு, அதான் தினமும் சேமிக்கவான்னு கேக்குது."

"அப்ப இத்தனை நாளு ஏன் வரல? காசி புதுசப் போட்ட அன்னைக்கித்தானே வந்தாக."

"வராம என்ன. முன்னாடி பெரிய பெருக்கலப் போட்டா எல்லாம் ஒண்ணா மூடிரும். அடியில யாரு இருக்காகன்னு உங்களுக்குத் தெரியாது. இப்ப ஒண்ணொண்ணா மூடுறதால தெரியுறாக." திரையில் ஒரு தேதி வரிசையைக் காட்டினான். "ஆறு வருஷமா நீங்க உக்காந்த அத்தனை நாளும் இவுகளும் பின்னாடியே இருந்திருக்காக ஆச்சி. எல்லாத்தையும் சேமின்னு அமுக்குனீகள்ல, இவுகளையும் சேத்து நீங்கதான் சேமிச்சிருக்கீக."

பேய் இல்லை என்று சொல்லித் தைரியம் கொடுக்கத்தான் அவன் அதைச் சொன்னான். எனக்கு அதற்குப் பிறகுதான் பயமே வந்தது. ஆறு வருடமாக அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறேன். எத்தனை நாள் அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறேன், உன் அத்தான் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறேன், பாட்டுக்கூடப் பாடியிருக்கிறேன்.

நாகேந்திரன் ஃபைலைக் கீழே கீழே உருட்டினான். நான் பார்த்த பக்கத்துக்குக் கீழே நிறைய இருந்தது. உன் அத்தான் எழுதியதுதான், சந்தேகமே இல்லை. உலகத்தில் அவர் ஒருவர்தான் ஜாதகத்தை விடாப்பிடியாகச் "சாதகம்" என்றே எழுதுவார். மாதத்துக்கு ஒரு வரி. "ஆச்சியிடம் பேசினேன், தகவல் இல்லை." "ஆச்சியிடம் பேசினேன், தகவல் இல்லை." முப்பது வரிக்கு மேல் அதே வாசகம், எந்த ஆச்சி என்று இல்லை. கடைசி வரி, அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம். அதற்கும் கீழே சிவப்பில், "எடுக்க வேண்டாம்." இதை நீக்கிவிடு அப்பா என்று நாகேந்திரனிடம் சொன்னேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான். "அய்யா எழுதி வச்சிருக்காக ஆச்சி. நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

ஃபைலில் விலாசம் இருந்தது. மறுநாள் காலை ஒச்சம்மாளையும் ஏற்றிக்கொண்டு காரில் நெற்குப்பைக்குப் போனேன். ஊருக்குள் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, பத்து மணி வெயிலில் தெருவில் ஓர் ஆள் இல்லை. அந்த வீட்டில் மட்டும் கதவு திறந்திருந்தது. முற்றத்துக் கொடியில் ஒரே ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. நீலத்தில் கட்டம் போட்ட சட்டை. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒச்சம்மாள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன், எனக்கும் யாராவது பிடித்துக்கொண்டால் தேவலை என்றுதான் இருந்தது.

வைரவனின் தாயார் தேனம்மை ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எண்பதுக்குப் பக்கம் இருக்கும். நான் யார் என்று சொல்லும் முன்பே, "சாலாதானே. வா. உன் புருசன் நாச்சியப்பன் போனதுக்கு வர முடியல, காலு கேக்கல" என்றார். பிறகு, யாரோ பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளையைப் பற்றிக் கேட்பது போல, "இன்னைக்கு என் மகனுக்கு எத்தன வயசு காமிக்குது?" என்று கேட்டார்.

"முப்பத்தொம்பது வருஷம், ஏழு மாசம் ஆச்சி."

"நாளு?"

"இருபத்தி மூணு."

உதட்டுக்குள் எதையோ எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

அவர் எங்கே இருக்கிறார், பெண் வீட்டில் கேட்கிறார்கள் என்றேன். "அதான் தெரியல. போயி பத்து வருஷமாச்சு" என்றார். கீரையை ஆய்ந்தபடியே சொன்னார், ஒரு தடவைகூடக் கை நிற்கவில்லை. மகனுக்குத் தகப்பனார் ஓர் இடம் பேசி முடித்தாராம். எனக்குச் சம்மதமில்லை என்று பையன் சொல்ல, அவர் ஊரைக் கூட்டி நிச்சயத்துக்கு நாள் குறிக்க, நிச்சயத்தன்று காலையில் ஒரு பையோடு போனவன்தானாம். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். வட இந்தியாவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், ரயிலில் அடிபட்டதாக இன்னொருவர் சொன்னார்.

"ஒரு வருஷம் பாத்துட்டு அவன் அப்பச்சி சொன்னாக, அவன் இல்லன்னு வச்சுச் செய்ய வேண்டியதச் செஞ்சுருவோம்னு. நான் அன்னைக்கே பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ ஊருக்குப் போயிருந்த. நாச்சியப்பன்ட்ட சாதகத்தக் குடுத்தேன். இல்லாதவனுக்கு எவனாச்சும் பொண்ணு பாப்பானாப்பா, பாக்க மாட்டான்ல, அதுனால நீ பட்டியல்ல வச்சிரு, நான் கண்ண மூடுறவரைக்கும் எடுக்காதன்னேன். தினமும் வயசு ஏறுற மாதிரி செஞ்சு வைக்கிறேன், நானும் தினமும் பாத்துக்கிறேன்னு நாச்சியப்பன் சொன்னான். பட்டியல்ல எம்மகன் இருக்கான்னு சொன்னேன், அவுகளால மேல பேச முடியல. அவுகளும் போயி நாலு வருஷம் ஆகுது."

"அந்தச் சட்ட?" என்றேன், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

"போட்டாவுக்குப் போட்டுக்கிட்டது. வாரத்துக்கு ஒருதரம் அலசிப்போடுவேன். தூசி படியுதுல்ல."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துற மாட்டேல்ல" என்று கேட்டார். மாட்டேன் ஆச்சி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சிகப்பி ஆச்சியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். "ஆளு இல்லன்னா என்ன ஆச்சி, விலாசம் இருக்குல்ல" என்கிறார். "இருபத்திரெண்டு பேரு நேர்ல வந்தாக, ஒண்ணும் ஆகல. இவுக ஒருத்தரத்தான் வராமயே அக்ஷராவுக்குப் பிடிச்சிருக்கு. நான் தேடச் சொல்லி இன்னும் நாலு பேருக்கு அனுப்புறேன்." வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அந்த முகம் இப்போது எத்தனை கைபேசிகளில் சுற்றுகிறது என்று யாருக்கும் தெரியாது.

காசி, நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பத்து வருடமாக ஒரு சொல் இல்லாத பிள்ளை உயிரோடு இருப்பான் என்று நம்ப எனக்கு வயது போதாது, அல்லது கூடிப்போய்விட்டது. இறந்துபோன ஒருவரை உயிரோடு இருக்கிற பெண்களுக்குக் காட்டுவது பாவம். அந்த வயதுக் கட்டம் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம், இல்லாத ஒருவருக்கு நான் தினமும் ஒரு நாள் ஊட்டி வளர்ப்பது போல இருக்கிறது. தேனம்மை ஆச்சியிடம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பொய் என் தலையில் இருக்கட்டும். நீ இந்த வாரமே லீவு போட்டு வா. அந்த ஃபைலை, இருக்கிற இடத்திலிருந்து அடியோடு எடுத்துவிடு. எனக்குக் கை வராது, நாகேந்திரனுக்கு மனம் வராது. அப்படியே பழைய எக்செல்லைத் திரும்பப் போட்டுக் கொடு. ஒரே அழுத்தில் எல்லாம் மூட வேண்டும். பின்னால் யார் நிற்கிறார் என்று எனக்குத் தெரியவே வேண்டாம்.

உமையாளிடம் மாவடு ஊறிவிட்டது, நீ வரும்போது கொடுத்தனுப்புகிறேன் என்று சொல். பெரியவனிடம் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்காதே என்று சொல். நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளும் நிறைந்த வீடுமாய் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஆச்சி,
சாலா.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. வர வேண்டாம். கணினியைத் தொட வேண்டாம். உறையை ஒட்டிவிட்டுக் கூரியர்க்காரருக்காகக் காத்திருந்தபோது போன் வந்தது. அதனால் பிரித்து இதைச் சேர்க்கிறேன்.

தெரியாத நம்பர். "சாலா ஆச்சிங்களா? நான் வைரவன் பேசுறேன்" என்றது குரல்.

எந்த வைரவன் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நெற்குப்பை. நீங்க பட்டியல்ல போட்டிருக்கவன். தயவுசெஞ்சு என் பேர எடுத்துருங்க ஆச்சி. இங்க ராய்ப்பூர்ல எங்கூட வேல பாக்குற ஒருத்தருக்கு மலேசியாவுலருந்து வந்திருக்கு, அவரு சிரிச்சுக்கிட்டே என் வீட்டுக்காரிக்கு அனுப்பிட்டாரு. அவளுக்குத் தமிழ் படிக்க வராது, போட்டாவுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு அவருகிட்டயே கேட்டுட்டா. பொண்ணு தேடுறாகன்னு அவரும் சொல்லிட்டாரு. மூணு நாளா வீட்டுல அடுப்புப் பத்தல."

நட்சத்திரம் கேட்டேன், சொன்னார். உயரம் கேட்டேன், சொன்னார். போட்டோவில் என்ன சட்டை என்றேன். சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு, போனில் சொன்னால் எடுப்பதில்லை, சாதகத்தைக் கொடுத்தவரிடம் நேரில் வந்து சொல்லி, அவர் சரி என்றால்தான் எடுப்போம், அதுதான் எங்கள் விதி என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிடம் நான் உண்டாக்கியது.

"யாரு குடுத்தது?"

"உங்க ஆத்தா."

பின்னால் ஒரு சின்னப் பெண் இந்தியில் ஏதோ கேட்பது மட்டும் கேட்டது.

"இருக்காகளா?" என்றார்.

"இருக்காக. உங்களுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காக."

அப்பச்சியைப் பற்றியும் கேட்டார். அதை உங்கள் ஆத்தா வாயால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் மூன்று பேரும் நெற்குப்பைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சிகப்பி ஆச்சிக்கும் அக்ஷராவுக்கும் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்த பையன் யாராவது இருந்தால் உடனே எழுது, உயிரோடு இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்.

எண்பது வயதுக்காரரிடம் திடீரென்று சொன்னால் தாங்குவாரோ என்று, தேனம்மை ஆச்சிக்குப் போன் செய்து சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மூணு பேரு வாராக ஆச்சி, கொஞ்சம் கூடச் சமைச்சு வைங்க, என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யார், எங்கிருந்து, எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"மருமக கறி திங்குமான்னு கேட்டுச் சொல்லு. சின்னப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, அதுக்குத் தனியா எடுத்து வச்சிர்றேன்" என்றார்.

மூன்று பேர் என்று மட்டும்தான் நான் சொன்னேன், காசி.